கதையும் கண்ணீரும் கணக்கும்

கதைக்கு உள்ளத்தை அசைக்கும் ஆற்றல் உண்டு என்பதை மெய்ப்பிக்கச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. தாய் சொன்ன கதையில் அழுது, ஆசான் சொன்ன கதையில் தெளிந்து வளர்ந்தவர்களே நாம் அனைவரும். இவ்வாற்றலைப் பகைமைக்குக் கருவியாக்கியவர்களும் தொன்றுதொட்டே இருந்து வருகின்றனர். மக்காவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்களுக்கு அறிவுரை வழங்கிவிட்டு எழுந்து சென்றதும், அதே இடத்தில் நள்ர் இப்னு ஹாரிஸ் என்பவன் அமர்ந்துகொள்வான். ஹீரா நகரில் தான் கற்றுவந்த பாரசீக மன்னர்களின் கதைகளையும், ருஸ்தம், இஸ்ஃபந்தியார் ஆகியோரின் வீரக் கதைகளையும் விரித்துரைப்பான். பிறகு, தன் கதை எவ்வகையில் தாழ்ந்தது என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்பான். இச்செய்தியை இப்னு ஹிஷாமின் சீராவில் காண்கிறோம். ஒரு சொல்லை வீழ்த்த வாளைவிட மற்றொரு கதையே ஏற்ற கருவி என்பதை அவன் நன்கு உணர்ந்திருந்தான்.

நள்ர் தன் அனுபவத்தால் உணர்ந்ததை, இந்நூற்றாண்டில் ஒரு வல்லரசு பெரும்பொருள் செலவிட்டு ஆய்வகத்தில் அளந்து பார்த்தது. கதை கேட்கும்போது மனித மூளையில் என்ன நிகழ்கிறது, இரத்தத்தில் என்ன ஊறுகிறது, அதனால் மனிதன் எதை நம்பி எதைச் செய்கிறான் என்பதை அறிய அமெரிக்க அரசு நிதி வழங்கி நடத்திய ஆய்வுகளைப் பற்றியே இக்கட்டுரையில் திறனாயப் புகுகின்றோம். இஃது அறிவியலாரின் துறையன்றோ, இலக்கியத் திறனாய்வுக்கு இங்கு என்ன வேலை என்று வாசகர்கள் வினவலாம். ஆய்வுக்கு உட்பட்ட பொருள் கதை. கதையைப் பற்றி யார் எதைச் சொன்னாலும், அதனை எடைபோடும் உரிமையும் கடமையும் இலக்கியம் பயில்வோருக்கு உண்டு என்பதே நம் விடை.

படைத்துறையின் கதைத் திட்டம்

1957ஆம் ஆண்டில் சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் செயற்கைக் கோளை விண்ணில் ஏவியது. அவ்வதிர்ச்சியின் விளைவாக 1958இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை நிறுவிய ஆராய்ச்சி முகமையே இன்று டார்பா என்னும் சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. இன்றைய இணையத்துக்கு முன்னோடியான கணினி வலைப்பின்னல் 1969இல் இதன் நிதியில்தான் உருவாயிற்று. ஏவுகணைகளையும் கணினிகளையும் ஆராய்ந்த இம்முகமை, 2011ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வர்ஜீனியா மாநிலத்து ஆர்லிங்டன் நகரில், பாதுகாப்புச் சூழல்களில் கதைகளைப் பகுத்தாய்வது பற்றி அறிஞர்களைக் கூட்டிப் பேசியது. அதே ஆண்டு அக்டோபரில் ‘கதைப் பின்னல்கள்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு திட்டத்தை அறிவித்துப் பல்கலைக்கழகங்களிடமிருந்து ஆய்வு முன்மொழிவுகளை வேண்டியது.

அத்திட்டம் மூன்று பகுதிகளைக் கொண்டிருந்தது. கதை என்பது யாது, அதனை அளவிடத்தக்க கூறுகளாகப் பிரிப்பது எங்ஙனம் என்பது முதற்பகுதி. கதை மூளையிலும் உடலிலும் ஏற்படுத்தும் மாற்றங்களை அறிவது இரண்டாம் பகுதி. ஒரு கதை ஒருவரை எவ்வாறு மாற்றும் என்பதை முன்கூட்டியே கணிக்கும் மாதிரிகளையும், கேட்பவரின் நிலையை உணரும் கருவிகளையும் உருவாக்குவது மூன்றாம் பகுதி. திட்டத்தை வழிநடத்திய வில்லியம் கேஸ்பியர் அமெரிக்க விமானப் படையில் அதிகாரியாகப் பணியாற்றியவர். மெய்யியலும் மூளையறிவியலும் கற்றவர். பயங்கரவாதத்தை எதிர்கொள்ள எதிர்க்கதை வேண்டும் என்று 2005ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் ரஸ்ஸல் என்பவருடன் இணைந்து கட்டுரை எழுதியவர். ஆகவே, இத்திட்டத்தின் வேர் எங்கிருந்து கிளம்பிற்று என்பதில் ஐயமில்லை. போரினால் உளம் நொந்த வீரர்களுக்கு மருத்துவம் செய்யவும் இவ்வறிவு பயன்படும் என்று கூறப்பட்டது. அந்நோக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

அரசுகள் கதையில் கைவைப்பது புதிதன்று. 1954இல் வெளிவந்த ‘விலங்குப் பண்ணை’ கார்ட்டூன் திரைப்படத்துக்கு அமெரிக்க உளவுத்துறை மறைமுகமாகப் பணம் வழங்கியதும், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய முடிவு அப்படத்தில் மாற்றப்பட்டதும் பின்னாளில் வெளியாயின. 1953இல் லண்டனில் தொடங்கப்பெற்ற ‘என்கவுண்டர்’ என்னும் இலக்கிய ஏட்டுக்குப் பின்னால் அதே உளவுத்துறையின் பணம் இருந்தது 1967இல் அம்பலமாயிற்று. அக்காலத்தில் அரசு விலைகொடுத்து வாங்கியது கதையை. 2011இல் அரசு அறிய விழைந்ததோ கேட்பவனின் உள்ளத்தை. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு ஆய்வுகளுக்குள் செல்வோம்.

ஆய்வகம் கண்டவை

கலிபோர்னியாவின் கிளேர்மாண்ட் பட்டமேற்படிப்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஸாக் நடத்திய சோதனை இவற்றுள் பலரும் அறிந்தது. மூளைப் புற்றுநோயால் சில திங்களில் இறந்துவிடப் போகும் இரண்டு வயதுச் சிறுவன் பின்னணியில் விளையாடுகிறான். அவனுக்குத் தன் நோய் தெரியாது. அவனுடைய தந்தை, மகன் முன்னிலையில் மகிழ்ச்சியோடு இருக்கத் தாம் படும் பாட்டைக் கூறுகிறார். சில நிமிடமே ஓடும் இப்படம் ஒரு குழுவுக்குக் காட்டப்பட்டது. அதே தந்தையும் மகனும் விலங்குக் காட்சிச்சாலையில் உலாவும் படம் மற்றொரு குழுவுக்குக் காட்டப்பட்டது. படத்துக்கு முன்னும் பின்னும் பார்வையாளர்களின் இரத்தம் எடுத்துச் சோதிக்கப்பட்டது. முதற்படம் கண்டவர்களிடம் இரண்டு சுரப்புகள் மிகுந்திருந்தன. ஒன்று கார்டிசால்; அது கவனத்தையும் மனவுளைச்சலையும் குறிப்பது. மற்றொன்று ஆக்சிடோசின், தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பிணைப்போடு தொடர்புடையது, பரிவைக் குறிப்பது என்பர். இவ்விரண்டும் மிகுந்தவர்கள், சோதனைக்காகத் தமக்குக் கிடைத்த பணத்திலிருந்து அறியாதார்க்கும் அறநிலையங்களுக்கும் மிகுதியாக வழங்கினர் என்பது ஸாக் கண்ட முடிவு. காட்சிச்சாலைப் படத்தில் கதைக்குரிய ஏற்றமும் இறக்கமும் இல்லை; ஆகவே பார்ப்போர் மனம் அதில் தங்கவில்லை என்று அவர் விளக்கினார்.

ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு வேறு வகையானது. ஆல்பிரட் ஹிட்ச்காக் முதலியோரின் திகில் படங்களிலிருந்து சில காட்சிகளைத் திரையின் நடுவே ஓடவிட்டு, ஓரங்களில் சதுரங்கக் கட்டம் போன்ற வடிவங்களை மின்னச் செய்தனர். பார்ப்போரின் மூளை காந்தப் படக்கருவியால் பதிவு செய்யப்பட்டது. திகில் ஏற ஏற, ஓரத்தில் மின்னுவதைக் காணும் மூளைப் பகுதி ஓய்ந்து, நடுவே ஓடும் கதையைக் காணும் பகுதி விழித்தெழுந்தது. கதையில் ஆழ்ந்தவன் சுற்றுப்புறத்தை மறக்கிறான் என்று நாம் உவமையாகச் சொல்லி வந்ததை அவர்கள் உடற்கூற்று உண்மையாகக் காட்டினர்.

தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு நம் நெஞ்சைத் தொடுவது. சாதாரண மனிதர்கள் தம் வாழ்வைப் பற்றி இணையத்தில் எழுதிய இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளிலிருந்து நாற்பது கதைகளைப் பொறுக்கி எடுத்தனர். மணமுறிவு, பொய் சொல்ல நேர்ந்தது போன்ற வாழ்க்கை நிகழ்ச்சிகளே அவற்றின் பொருள். அவற்றைச் சுருக்கி, ஆங்கிலம், சீனம், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அமைத்து, ஒவ்வொரு மொழியாரிலும் முப்பதின்மராகத் தொண்ணூறு பேரைப் படிக்கச் செய்தனர். எழுத்து வேறு, ஒலி வேறு, இலக்கணம் வேறு. ஆயினும் ஒரே கதையைப் படிக்கையில் மூவகை மக்களின் மூளையிலும் ஒத்த வடிவங்கள் தோன்றின. மூளையின் பதிவைக் கொண்டே ஒருவர் எந்தக் கதையைப் படிக்கிறார் என்பதைத் தற்செயலுக்கு மேற்பட்ட அளவில் கணிக்க முடிந்தது.

மும்மொழிகளின் தேர்வை வாசகர்கள் கூர்ந்து நோக்குக. படைத்துறை நிதியில் நடந்த ஆய்வில் அமெரிக்கருடன் ஒப்பிடப்பட்டவர்கள் சீனரும் ஈரானியரும். அந்நாடுகளுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே நிலவும் உறவு யாவரும் அறிந்ததே. அவ்விரு நாட்டாரின் உள்ளத்துக்குள் நுழைந்து பார்த்த கருவி, பொருளுணரும் இடத்தில் அவர்களும் அமெரிக்கரும் ஒருவரே என்று சான்று பகர்ந்தது. இத்திட்டம் கண்ட முடிவுகளுள் மிக மேன்மையானது இதுவே என்பது நம் கருத்து. நிதி வழங்கியவர்கள் இதிலிருந்து என்ன பாடம் கற்றனரோ அறியோம். நாம் கற்கவேண்டிய பாடம் தெளிவாகவே உள்ளது.

இரத்தத்தின் சாட்சியம்

இவ்வாய்வுகளை முழுதும் தள்ளிவிடுவது நீதியன்று. உள்ளத்தில் எழுவது உடலில் வெளிப்படும் என்பதை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என்று தனியே ஓரியல் வகுத்து, நகை முதல் உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளை எண்ணினார். ஹிஜ்ரி 471இல் மறைந்த அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானீ தம் ‘அஸ்ராருல் பலாகா’ நூலில், ஒரு கருத்து உவமை வடிவில் வந்தால் உள்ளம் ஏன் கிளர்ச்சியுறுகிறது என்று நுணுகி ஆராய்ந்தார். எனவே, கதையின் விளைவை ஆராய்வது குற்றமன்று. விளைவைக் காட்டும் சாட்சி எத்தகையது என்பதே முதல் வினா.

ஆக்சிடோசினின் புகழ் 2005ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வால் ஓங்கியது. ஸாக் அதன் ஆசிரியருள் ஒருவர். மூக்கில் ஆக்சிடோசின் தெளிக்கப்பட்டவர்கள் பிறரை மிகுதியாக நம்பினர் என்றது அவ்வாய்வு. 2013இல் ஸாக்கின் குழுவினர் மற்றொன்றைக் கூறினர்: மூக்கில் இதனைத் தெளித்துக்கொண்டு பொதுநல விளம்பரங்களைப் பார்த்தவர்கள், வெறும் நீர் தெளிக்கப்பட்டோரைவிட 56 விழுக்காடு மிகுதியாக நன்கொடை வழங்கினர். கேட்போர் வியந்தனர், ஏடுகள் இதனை அன்பின் சுரப்பு என்றும் அறத்தின் சுரப்பு என்றும் கொண்டாடின.

பின்னர் நிகழ்ந்தது யாது? 2015இல் மூன்று அறிஞர்கள் அதுவரை வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து நோக்கி, ஆக்சிடோசின் நம்பிக்கையை வளர்க்கிறது என்பதற்குப் போதிய சான்றில்லை என்றனர். 2020இல் முன்பதிவு செய்து பெரிய அளவில் மீண்டும் நடத்தப்பட்ட சோதனையிலும் அவ்விளைவு பொதுவாகத் தோன்றவில்லை. 2005ஆம் ஆண்டு ஆய்வின் ஆசிரியருள் ஒருவரான எர்ன்ஸ்ட் ஃபெர் இந்த மறுசோதனையிலும் பங்குகொண்டார் என்பது போற்றத்தக்கது. இதற்கு முன்னரே, ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த கார்ஸ்டன் டி ட்ரூ 2010, 2011ஆம் ஆண்டுகளில் வேறொன்றைக் காட்டியிருந்தார். இச்சுரப்பு தன் கூட்டத்தார்பால் அன்பை வளர்க்கையில், தன்னவரைப் பிறரினும் உயர்த்தி வைக்கும் சார்பையும் வளர்க்கக்கூடும் என்பதே அது. தன் குட்டியை நக்கும் தாய்ப்புலியே அயலானைக் கிழிப்பதும் அன்றோ!

அறிவியலின் குறையைச் சுட்டி மகிழ்வதற்காக இவற்றைச் சொல்லவில்லை. தன் முடிவைத் தானே திருத்திக்கொள்ளும் துறையை நாம் மதிக்கிறோம். ஆனால், உறுதிப்படாத ஓர் அறிவைக் கொண்டு மனித உள்ளங்களைத் திருப்பலாம் என்று ஓர் அரசோ வணிகரோ புறப்பட்டால், அந்த அவசரத்தைக் கேள்வி கேட்பது நம் கடமையாகிறது. ஸாக்கே பின்னர் இத்தகைய அளவீட்டை விளம்பரக்காரருக்கும் படமெடுப்போருக்கும் வழங்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். ஆய்வகத்திலிருந்து கடைத்தெருவுக்கு வழி நீளமானதன்று.

கதைசொல்லிகளும் முஹத்திஸ்களும்

இரண்டாவது வினா இதனினும் பெரியது. அளவீடுகள் அனைத்தும் துல்லியமானவை என்றே கொள்வோம். கதை உள்ளத்தை அசைத்தது, கண்ணீர் வந்தது, பணமும் வந்தது. அக்கதை உண்மையா? இந்த வினாவுக்குரிய கட்டம் அவர்களுடைய கணக்கேட்டில் இல்லை. நோயுற்ற குழந்தையின் கதை மெய்யாயினும் பொய்யாயினும் இரத்தத்தில் ஊறுவது ஒன்றேதான்.

இதே சிக்கலை இஸ்லாமிய அறிவுலகம் பல நூற்றாண்டுகளுக்கு முன் சந்தித்தது. பள்ளிவாசல்களிலும் கடைவீதிகளிலும் மக்களைக் கூட்டிக் கதை சொல்வோரைக் ‘குஸ்ஸாஸ்’ என்பர். அவர்களுள் மெய்யான ஞானிகளும் இருந்தனர். கைக்காசுக்குக் கண்ணீரை விற்றவர்களும் இருந்தனர். ஹிஜ்ரி 597இல் மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) இவர்களைப் பற்றியே ‘கிதாபுல் குஸ்ஸாஸ் வல் முதக்கிரீன்’ என்னும் நூலை யாத்தார். முகம் வெளிறித் தோன்றுவதற்காகப் பூச்சுப் பூசிக்கொள்வோரையும், முகர்ந்தால் கண்ணீர் பெருகும் பொருளைக் கையில் ஒளித்து வைத்திருப்போரையும் அவர் அம்பலப்படுத்துகிறார். அன்று கதை சொல்பவன் தன் மூக்கில் முகர்ந்தான். 2013ஆம் ஆண்டு ஆய்வகத்தில் கேட்பவனின் மூக்கில் தெளித்தனர். வித்தை ஒன்றே, மூக்குத்தான் மாறியது.

இப்னுல் ஜவ்ஸீயைக் கதையின் சுவை அறியாத வறண்ட மனிதர் என்று எண்ணிவிட வேண்டா. ஹிஜ்ரி 580இல் பகுதாது சென்ற அந்தலூஸ் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர், அவருடைய சொற்பொழிவு அவைகளைக் கண்டு மெய்ம்மறந்து எழுதியிருக்கிறார். கூட்டம் அழுது அரற்றியதையும், மக்கள் பாவமன்னிப்பு வேண்டி அவரிடம் விரைந்து வந்ததையும் விவரிக்கிறார். பெருங்கூட்டத்தை அழவைக்க வல்ல ஒருவரே, அழவைப்பது மட்டும் போதாது என்று நூல் எழுதினார் என்பதுதான் நாம் உற்றுணர வேண்டிய செய்தி.

இத்துறையில் அடிக்கடி எடுத்துரைக்கப்படும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. பகுதாதின் ருஸாஃபா பள்ளிவாசலில் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பலும் (ரஹ்) யஹ்யா இப்னு மயீனும் (ரஹ்) தொழுதனர். அங்கே ஒரு கதைசொல்லி எழுந்து, அவ்விருவரும் தனக்கு அறிவித்ததாகவே கூறி ஒரு ஹதீஸைத் தொடங்கினான். கலிமா சொன்னவருக்காகப் பொன் அலகும் பவளச் சிறகும் கொண்ட பறவைகள் படைக்கப்படுகின்றன என்று அது நீண்டுகொண்டே போயிற்று. இமாம்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அவன் காசு திரட்டி முடித்ததும் யஹ்யா கைகாட்டி அழைத்தார். பரிசு கிடைக்கும் என்று அவனும் ஓடி வந்தான். யஹ்யா இப்னு மயீன் நான்தான், இவர்தாம் அஹ்மத், இந்த ஹதீஸை நாங்கள் கேட்டதே இல்லையே என்றார் அவர். அவன் சற்றும் தயங்கவில்லை. யஹ்யா ஒரு மூடர் என்று கேள்விப்பட்டிருந்தேன், இன்றுதான் அதை உறுதி செய்துகொண்டேன். உலகில் உங்களையன்றி வேறு யஹ்யாவும் அஹ்மதும் இல்லையோ, பதினேழு அஹ்மத் இப்னு ஹன்பல்களிடம் நான் எழுதியிருக்கிறேன் என்று கூறி எள்ளி நகையாடிச் சென்றான். இமாம் அஹ்மத் தம் முகத்தைச் சட்டைக் கையால் மறைத்துக்கொண்டார்.

எவ்வளவு சுவையான நிகழ்ச்சி! பொய்க் கதைசொல்லிகளுக்கு எதிராக இதனினும் கூரிய படைக்கலம் கிடைக்குமா? ஆனால், ஹிஜ்ரி 748இல் மறைந்த இமாம் தஹபீ (ரஹ்) இதனை ஏற்கவில்லை. இதனை அறிவிப்பவன் யார் என்றே தமக்குத் தெரியவில்லை, இஃது அவன் இட்டுக்கட்டியதாக இருக்கலாம் என்று தம் ‘மீஸானுல் இஃதிதால்’ நூலில் ஐயுறுகிறார். வாசகர்கள் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். பொய்யை எதிர்க்கப் பயன்படும் கதை அது. தம் தரப்புக்கு நலம் பயப்பது. கேட்போர் உள்ளத்தில் ஆணியடித்தாற்போல் பதிவது. அத்தகைய கதையையும், அறிவிப்பாளர் தொடர் தேறவில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தஹபீ கைகழுவினார்.

இந்த இடத்தில்தான் அப்பெரியாரின் கல்வி, ஆர்லிங்டன் கூட்டத்தின் கல்வியிலிருந்து பிரிந்து நிற்கிறது. அங்கு கதை பயன்தருமா என்று வினவினர். பகைவன் கதை, நம் கதை என்று பிரித்தனர். இங்கோ பயன்தரும் கதையும், தம்மவர் கதையும்கூட, உண்மை என்னும் துலாக்கோலில் ஏறியே தீரவேண்டும். கதையின் ஆற்றலை அளப்பதற்கு முன் கதை சொல்வோனின் நேர்மையை அளந்த மரபு அது.

ஃபிர்அவ்ன் யாருக்குச் சொந்தம்?

மூன்றாவதாக, இவ்வாராய்ச்சிச் சூழலில் எழுந்த ஒரு நூலின் வாசிப்பு முறையைப் பார்ப்போம். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால்வர்சன், குடால், ஸ்டீவன் கார்மன் ஆகிய மூவர் இஸ்லாமியத் தீவிரவாதிகள் கையாளும் பெருங்கதைகளைப் பற்றி 2011இல் ஒரு நூல் வெளியிட்டனர். கார்மன் தலைமையிலான குழுவுக்கு டார்பாவின் கதைத் திட்டத்திலும் நிதி கிடைத்தது. கதை புரிதலைத் தூண்டுவனவும் குலைப்பனவும் எவை என்று அறிவது அவர்கள் ஏற்ற பணி. அந்நூலில் ஆராயப்படும் கதைகளுள் மூஸா (அலை) அவர்களை எதிர்த்த ஃபிர்அவ்னின் வரலாறும், பத்ருப் போரும், கர்பலாவும் உள்ளன.

தீவிரவாதிகள் இவற்றைத் திரித்துப் பயன்படுத்தும் முறையையே ஆராய்வதாக ஆசிரியர்கள் கூறுகின்றனர். அதில் உண்மையும் உண்டு. 1981 அக்டோபர் 6இல் எகிப்திய அதிபர் அன்வர் சாதாத்தைச் சுட்டுக் கொன்ற காலித் இஸ்லாம்பூலி, தான் ஃபிர்அவ்னைக் கொன்றுவிட்டதாக முழங்கினான் என்று கூறப்படுகிறது. இறைமறையின் வரலாறு ஒன்று கொலைக்குத் துணையாக இழுக்கப்பட்டதை நாம் மறைக்க வேண்டியதில்லை, கண்டிக்கவே வேண்டும்.

எனினும் ஃபிர்அவ்னின் கதையைத் தீவிரவாதத்தின் பட்டியலில் வைத்துப் படிப்போர், தம் நாட்டு வரலாற்றையும் ஒருமுறை புரட்டியிருக்கலாம். 1776இல் அமெரிக்கா விடுதலையை அறிவித்தபோது, நாட்டின் முத்திரைக்கு ஓவியம் தேடினர். கடல் பிளக்க நிற்கும் மூஸாவையும், அக்கடலில் மூழ்கும் ஃபிர்அவ்னையும் முத்திரையில் பொறிக்கலாம் என்று பெஞ்சமின் பிராங்ளின் முன்மொழிந்தார். அந்த ஃபிர்அவ்ன் இங்கிலாந்து மன்னன். பின்னர் அதே நாட்டில் அடிமைப்பட்டுக் கிடந்த கறுப்பின மக்கள் தம் வழிபாட்டுப் பாடல்களில் மூஸாவை அழைத்தனர். அங்கு ஃபிர்அவ்ன் ஆனவர்கள் அந்த விடுதலை வீரர்களின் வழிவந்த பண்ணையார்கள். அடிமைகளை இரவோடிரவாக விடுவித்த ஹாரியட் டப்மன் என்னும் பெண்மணிக்கே மூஸா என்ற பட்டப்பெயர் வழங்கிற்று. 1956இல் நியூயார்க்கு நகரில் மார்ட்டின் லூதர் கிங், ஃபிர்அவ்னின் படை கடற்கரையில் மாண்டு கிடந்த காட்சியைக் கொண்டு தம் மக்களின் விடுதலையை விளக்கினார். அவர் கையில் எடுத்தது அறவழிப் போராட்டம்.

ஆகவே, ஒரே கதை ஒருவன் கையில் துப்பாக்கியாகவும், மற்றொருவர் நாவில் அறவழி அழைப்பாகவும் ஆயிற்று. வேறுபாடு கதையின் அமைப்பில் இல்லை. சொல்வோரின் நியத்திலும், சொல்லப்பட்ட இடத்திலும், கேட்டோரின் வாழ்விலும் உள்ளது. கதையைக் கூறுகளாகப் பிரித்து எண்ணுவோர் இந்த மூன்றையும் தவறவிடுகின்றனர். ஜுர்ஜானீ தம் மற்றொரு நூலான ‘தலாஇலுல் இஃஜாஸ்’ நெடுகிலும் வலியுறுத்துவது, பொருள் சொல்லடுக்கில் பிறக்கிறது என்பதாகும். ஒரே செய்தியைச் சொல் மாற்றி அடுக்கினால் பொருளும் மாறும். ஆய்வகத்தின் நாற்பது கதைகள் ஒரு பத்தி அளவுக்குச் சுருக்கப்பட்டவை. அடுக்கின் நுட்பம் உதிர்ந்த பின் எஞ்சியவை. அங்கு சோதிக்கப்பட்டது கதையின் சாரமேயன்றிக் கதையன்று.

காலத்தையும் எண்ணுக. யூசுப் (அலை) அவர்களின் வரலாறு சிறுவனின் கனவில் தொடங்கி, கிணறு, அடிமைச் சந்தை, அரண்மனை, சிறை என்று ஆண்டுகள் பலவற்றைக் கடந்து அக்கனவு பலிப்பதில் நிறைவுறுகிறது. அதனைப் பத்து வயதில் கேட்டவன் கிணற்றுக்கு அஞ்சுவான். முப்பதில் சிறையின் பொறுமையை எண்ணுவான். அறுபதில், பார்வையிழந்த தந்தை யஃகூப் (அலை) அவர்களின் ஏக்கத்தில் தன்னைக் காண்பான். இக்கதை அவனை மாற்றியது எந்த நிமிடத்தில்? எந்த ஊசியால் அந்த இரத்தத்தை எடுப்பது?

கேட்போர் கடமை

படைத்துறையைக் குறை சொல்லிவிட்டு நம் வீட்டைப் பாராதிருப்பது நேர்மையாகாது. நம் மேடைகளில் ஆதாரமற்ற கதைகள் இன்றும் கண்ணீரை வரவழைக்கின்றன. இட்டுக்கட்டப்பட்டது என்று முஹத்திஸ்கள் ஒதுக்கிய ஹதீஸ்கள், கேட்க இனிமையாக இருக்கின்றன என்பதற்காகவே ஒலிபெருக்கியில் உயிர்பெறுகின்றன. மக்கள் அழுகிறார்களே, நல்லதுதானே என்று சமாதானமும் சொல்லப்படுகிறது. விளைவு நன்றாயின் வழி எதுவாயினும் சரி என்னும் இந்நியாயம், ஆர்லிங்டனில் கூடியோரின் நியாயத்திலிருந்து எவ்வகையில் வேறுபட்டது? ஹிஜ்ரி 911இல் மறைந்த இமாம் சுயூத்தீ (ரஹ்), கதைசொல்லிகளின் பொய்களைக் குறித்து எச்சரிப்பதற்கென்றே ஒரு நூல் எழுத நேர்ந்தது. அவ்வெச்சரிக்கை பழங்கதையாகிவிடவில்லை.

கற்பனையை விலக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. நம் தமிழ்ப் புலவர்கள் கிஸ்ஸாக்களும் படைப்போர்களும் பாடினர். கிஸ்ஸா என்று பெயரிட்ட நூல் தன்னைக் கதை என்றே அறிவித்துக்கொண்டு வாசகனின் முன் வருகிறது. கேட்பவன் தான் கேட்பது கதை என்று அறிந்தே கேட்கிறான், விரும்பியே அழுகிறான். இந்த அறிவும் விருப்பமும் உள்ளவரை கதை ஒரு கொடையாகும். கேட்பவன் அறியாமல் அவன் உள்ளத்தைத் திருப்புவதற்காக, அவன் சுரப்புகளைக் கணக்கிட்டுச் செய்யப்பட்ட கதையோ வலையாகும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரத்தச் சோதனையிலும் ஒன்றாகவே தெரியும்.

வேறுபாட்டைக் காணும் கருவி கேட்பவனிடமே உள்ளது. இதனைச் சொல்பவர் யார், யாரிடமிருந்து பெற்றார், நாம் இதனை நம்பினால் யாருக்கு ஆதாயம் என்னும் மூன்று வினாக்களே அக்கருவி. முதலிரண்டு வினாக்கள் ஹதீஸ் கலையினர் நமக்கு விட்டுச் சென்ற சொத்து. மூன்றாவது, நாம் வாழும் காலம் கற்பித்தது. திரைப்படமாயினும், விளம்பரமாயினும், அரசியல் மேடையாயினும், அடுத்த மதத்தானைப் பற்றிக் காதோடு காதாக வரும் செய்தியாயினும், கண்ணீர் பெருகும் முன்னோ சினம் மூளும் முன்னோ இவ்வினாக்களை ஒருமுறை எழுப்பிப் பார்ப்போமாக. நம் மத்ரஸாக்களில் பலாகத் பாடத்தைத் தேர்வுக்கான மனப்பாடமாக நிறுத்திவிடாமல், மாணவர் தம் காதில் அன்றாடம் விழும் பேச்சை எடைபோடும் பயிற்சியாக மாற்றுவது இதற்கு நல்ல தொடக்கமாகும். ஒரு வாரச் சொற்பொழிவையோ ஒரு விளம்பரத்தையோ எடுத்துக்கொண்டு, இஃது உள்ளத்தை எவ்வாறு அசைக்கிறது, அசைக்கும் தகுதி இதற்கு உண்டா என்று ஆசிரியரும் மாணவரும் அமர்ந்து ஆராய ஒரு வகுப்பு நேரம் போதும். அதற்கு எந்த அரசின் நிதியும் தேவையில்லை.